நாலு பெட்டி, ஓர் ஆம்ப்ளிஃபயர்

ஆடி மாதம் பிறந்து, சங்கரன்கோவிலில் கோமதியம்மனின் தபசுத் திருநாளுக்குக் கொடியும் ஏறிவிட்டதென்றால், சங்கரநாராயணர் சந்நிதியைச் சுற்றியுள்ள வீதிகளில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டி, எங்கோ ஒரு மூலையில் பந்தலின் கீழ் ஒரே ஓர் ஆம்ப்ளிஃபயரை வைத்து, அதிலிருந்து புறப்படும் மெல்லிய இரட்டை வயரின் வழியாகப் பத்துக் குழாய்களையும் சில சமயம் அதற்கு மேலும் ஒருங்கே பாட வைக்கும் ரேடியோ செட்டுக்காரரின் வேலையை ஊர் முழுவதும் பார்க்கிறது. பார்த்தவர்களின் மனத்தில் ஒரு நம்பிக்கையும் குடிகொண்டுவிடுகிறது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் நல்லதாக அமைந்துவிட்டால் அதில் எத்தனை ஸ்பீக்கரையும் மாட்டலாம், வயர் எட்டினால் போதும் என்பதே அந்த நம்பிக்கை. திருவிழாவில் அது ஏறக்குறைய மெய். வீட்டிலோ முழுப் பொய். ஒரே ஊரில், பல சமயம் ஒரே மெக்கானிக்கின் கையால் நடைபெறும் இரண்டு காரியங்களுள் ஒன்றில் மெய்யாக இருப்பது மற்றொன்றில் ஏன் பொய்யாகிறது என்பது விளங்கிவிட்டால், வீட்டு ஸ்டீரியோவுக்கு ஏற்ற ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் முக்கால் பங்கு விளங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.

ரிப்பேர்க் கடையின் மேசைக்கு வந்து சேரும் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுள் கணிசமானவை ஒரே கதையைத்தான் சொல்லுகின்றன. "அண்ணாச்சி, எத்தன பொட்டி மாட்டியிருந்திய?" என்று மெக்கானிக் கேட்பார். "கீழ ரெண்டு, மாடியில ரெண்டு, நாலுதான்" என்பார் வந்தவர். "நாலையும் ஒண்ணாச் சேத்தா மாட்டுனிய?" என்ற அடுத்த கேள்விக்கு "ஆமா" என்று விடை வந்ததோ இல்லையோ, மூடியைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே, "அப்ப ஐ.சி. போயிருக்கும்" என்று அவர் கூறிவிடுவார், கூறியபடியே இருக்கவும் செய்யும். கெட்டுப்போனது மட்டமான சரக்கு என்று வந்தவர் எண்ணிக்கொண்டு போகிறார். சரக்கின் மேல் குற்றமில்லை. அது சுமக்கத் தகாத சுமையை அதன் தலையில் ஏற்றினார்கள் என்பதே உண்மை.

முதலில் திருவிழாவின் ரகசியத்தைப் பார்ப்போம். குழாயின் பின்புறத்தில் உருண்டு திரண்டு அமர்ந்திருக்கும் டிரைவர் யூனிட் பெரும்பாலும் 16 ஓம் மின்தடை உடையது. பந்தலிலிருந்து 500 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு குழாய்க்கு வயர் இழுத்தால், போக ஒன்றும் வர ஒன்றுமாக 1,000 மீட்டர் செம்புக் கம்பி செல்லுகிறது. அது 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு உடையதானால் அந்தக் கம்பியின் தடையே ஏறத்தாழ 17.5 ஓம் ஆகிவிடும். யூனிட்டை நேராக அந்தக் கம்பியில் மாட்டினால், ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் கம்பியைச் சூடாக்குவதிலேயே தீர்ந்து, எஞ்சியது மட்டுமே பாட்டாக வெளிவரும். இந்த நஷ்டத்தைத் தவிர்ப்பதற்காக, ஆம்ப்ளிஃபயரிலிருந்து 100 வோல்ட் என்னும் உயர்ந்த அழுத்தத்தில் ஒலியலையைக் கம்பிக்குள் அனுப்பி, ஒவ்வொரு குழாயின் அருகிலும் சிறிய லைன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, அழுத்தத்தை அங்கே குறைத்து யூனிட்டுக்குக் கொடுக்கிறார்கள். மின்சார வாரியம் ஊருக்கு ஊர் உயர்ந்த அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பித் தெருமுனையில் அதை 230 வோல்ட்டாக இறக்கிக்கொள்ளுவது எந்தக் காரணத்தாலோ, அதே காரணந்தான் இதற்கும்.

அந்தச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் உபகாரம் பெரிது. அதில் 25 வாட் என்று குறித்த முனையை எடுத்துக்கொண்டால், கம்பியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்தக் குழாய் 16 ஓமாகத் தெரியாமல் 400 ஓமாகத் தெரிகிறது. கம்பியின் 17.5 ஓம் இப்பொழுது அற்பமாகிவிடுகிறது. வீணாவது நூற்றில் நான்கு பங்குதான். இத்தகைய குழாய்கள் பத்தை அடுத்தடுத்து மாட்டினால் மொத்தம் 40 ஓம். 100 வோல்ட்டில் 40 ஓம் ஏற்றுக்கொள்ளுவது மிகச் சரியாக 250 வாட். ஆகையால் ரேடியோ செட்டுக்காரர் ஓம் கணக்கே போட வேண்டியதில்லை. குழாய்களின் வாட்டுகளைக் கூட்டிக்கொண்டே போய், கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் அவர் காரியம் முடிந்தது. 1940 முதல் டெல்லியிலிருந்து தொழில் நடத்திவரும் அஹுஜா கம்பெனியின் ஆம்ப்ளிஃபயர்களை நம் பக்கத்துத் திருவிழாக்களில் காணாதவர் இரார். அவற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், 4, 8, 16 ஓம் முனைகளுக்குப் பக்கத்திலேயே 70 வோல்ட், 100 வோல்ட் என்ற முனைகளும் இருப்பதைக் காணலாம். ஊர் முழுவதும் குழாய் கட்டுவது அந்த உயர்ந்த முனைகளின் பலத்தால்தான். வீட்டு ஸ்டீரியோவில் அந்த முனைகளும் இல்லை. வீட்டுப் பெட்டிக்குள் லைன் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை.

வீட்டில் நடப்பது வேறு. இக்காலத்து ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எதுவாக இருந்தாலும் ஒரே அழுத்தத்தை அதன் இரு முனைகளில் வைத்துவிட்டு, எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ அவ்வளவையும் நீயே எடுத்துக்கொள் என்று விட்டுவிடும் இயல்புடையது. 1827-ல் கியோர்க் ஓம் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட விதிப்படி, தடை பாதியானால் ஓட்டம் இரு மடங்காகும். ஒரு குளத்தில் ஒரு மடை திறந்திருக்கும்போது பாயும் நீரைவிட, அதே அகலமுள்ள இரண்டாவது மடையையும் திறந்தால் இரு மடங்கு நீர் பாய்வது போன்றது இது. குளத்தில் நீர்மட்டம் குறையாதவரை, திறக்கும் மடைக்கெல்லாம் நீர் கொடுத்துத்தான் தீரவேண்டும். கணக்காகச் சொல்லுவதென்றால், 8 ஓம் பெட்டிக்கு 50 வாட் தரவல்ல ஆம்ப்ளிஃபயர், தன் முழு வேகத்தில் 20 வோல்ட் அழுத்தத்தில் 2.5 ஆம்பியர் ஓட்டம் தருகிறது. ஸ்டீரியோவின் இடம், வலம் என்ற இரு பக்கங்களுள் அதே பக்கத்தில் இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால் சுமை 4 ஓமாகிறது. ஓட்டம் 5 ஆம்பியர், சக்தி 100 வாட். இரண்டுமே 4 ஓம் பெட்டிகளாக அமைந்துவிட்டால் சுமை 2 ஓம். கேட்கப்படும் ஓட்டம் 10 ஆம்பியர். அந்த ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரும் டயோடுகளும் ஐ.சி.யும் அவ்வளவுக்கு அளந்து செய்யப்பட்டவை அல்ல. வெப்பத்தைத் தாங்க அலுமினியத் தகட்டில் இறுக்கியிருக்கும் அந்தக் கறுப்புக் கட்டி சில நிமிஷங்களிலோ, நல்ல பாட்டு வந்து வால்யூமைத் திருகிய கணத்திலோ உயிரை விடுகிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்று இருந்தால் பாட்டு விட்டு விட்டு வந்து எச்சரிக்கும். எல்லாக் கருவிகளிலும் அது இல்லை.

எதிர்த்திசையில் ஆபத்து இல்லை. 8 ஓமுக்கு உரிய ஆம்ப்ளிஃபயரில் 16 ஓம் பெட்டியை மாட்டினால் 50 வாட் 25 வாட்டாகக் குறையும். கருவி குளிர்ச்சியாக, நிம்மதியாக வேலை செய்யும். ஆகவே, ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஓம் அளவுக்குக் குறைந்த சுமையை ஒருபோதும் மாட்டலாகாது. கூடிய சுமையை அச்சமின்றி மாட்டலாம். ஓம் என்பது மீறத் தகாத எல்லை. வாட் அத்தகையது அன்று; அது நம்முடைய விவேகத்துக்கு இடம் கொடுக்கும் அளவு. கடையில் நிற்கும்போது பெரும்பாலோர் இந்த முறையைத் தலைகீழாக்கி, வாட்டைப் பற்றியே ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு, ஓம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று அச்சிட்டிருப்பதும் முழு உண்மை அன்று என்பதை இங்கே சொல்லவேண்டும். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க எஞ்ஜினீயர்கள் வகுத்துக் கொடுத்த அமைப்பையே இன்றும் நம் ஸ்பீக்கர்கள் பின்பற்றுகின்றன; காந்தத்தின் இடுக்கில் கம்பிச்சுருள் ஒன்று ஊசலாட, அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றை அசைக்கிறது. அந்தச் சுருள் வெறும் தடை மட்டும் அன்று. மாறிக்கொண்டே இருக்கும் ஒலியலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, சுரத்துக்குச் சுரம் வேறுபடும். இந்த முழு எதிர்ப்புக்குத்தான் 1886-ல் ஆலிவர் ஹெவிசைடு இம்பீடன்ஸ் என்று பெயர் வைத்தார். 8 ஓம் பெட்டியே கீழ்ச்சுரத்தில் கூம்பு தன்னியல்பாக அதிரும் ஓரிடத்தில் 30 ஓமுக்கு மேலும் ஏறும், வேறோரிடத்தில் 6.5 ஓம் வரை இறங்கும். குறிப்பிட்ட அளவில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் கீழே எந்தச் சுரத்திலும் இறங்கலாகாது என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதி. மெக்கானிக்கின் மல்டிமீட்டர் காட்டுவதோ நேர்மின்சாரத்துக்குரிய தடையை மட்டுமே. ஆதலால் நல்ல நிலையிலுள்ள 8 ஓம் ஸ்பீக்கரில் அது 6-லிருந்து 7 வரையும், 4 ஓம் ஸ்பீக்கரில் 3-லிருந்து 3.5 வரையும் காட்டினால் அது குறைபாடு அன்று. லேபிள் உரிந்துபோன பழைய பெட்டியின் இனத்தைக் கண்டுகொள்ள இதைவிட எளிய வழி வேறில்லை. முள் அசையாமலே இருந்தால் சுருள் கருகி அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

முந்திய தலைமுறையார்க்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. இலங்கை வானொலியையும், 1963-ல் திருநெல்வேலி நிலையம் தொடங்கியபின் அதையும் கேட்டு மகிழ்ந்த வால்வு ரேடியோக்களில், வால்வின் ஆயிரக்கணக்கான ஓம் எதிர்ப்பையும் ஸ்பீக்கரின் சில ஓம் எதிர்ப்பையும் இணைத்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், அதற்கென்றே அளந்த ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள் கம்பெனிக்காரரால் பொருத்தப்பட்டுவந்தன. வாங்கியவருக்கு ஸ்டேஷனைத் திருப்பும் வேலை ஒன்றுதான். 1978-ல் வெளிவந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாகி, இடத்திலிருந்து ஒரு வாத்தியமும் வலத்திலிருந்து மற்றொன்றும் கேட்கும் சுகத்தை ஜனங்கள் அனுபவிக்கத் தொடங்கி, காஸெட்டும் டெக்கும் வீட்டுக்கு வீடு வந்த பிறகு, ஆம்ப்ளிஃபயர் வேறு, பெட்டி வேறு என்று பிரிந்தது. உள்ளூர்க் கடைகளிலேயே எஸ்.டி.கே. 4141 போன்ற ஐ.சி.களை வைத்து அசெம்பிள் செட் செய்து கொடுத்தார்கள். பக்கத்துக்கு 25 வாட் வீதம், 8 ஓம் பெட்டிக்கென்று வகுக்கப்பட்ட அந்த ஐ.சி., முறையாக நடத்தியவர்களுக்கு இருபது வருஷம்கூட உழைத்திருக்கிறது. மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துக் கீழ்ச்சுரத்தைக் கனமாக்கிக்கொண்ட டீக்கடைகளில் அது பாடியதைக் கேட்டவர்கள், பெரிய கிரயம் கொடுத்து வாங்கிய செட்டுக்கு அது தாழ்ந்தது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இணைத்து வைக்கும் பொறுப்பு கம்பெனியிடமிருந்து கழன்று வீட்டுக்காரரின் கைக்கு வந்துவிட்டது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நாலு பெட்டி வைத்தே தீரவேண்டும் என்பவர்க்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே பக்கத்துக்குரிய இரண்டு 8 ஓம் பெட்டிகளை, ஒன்றின் கறுப்பு முனையை மற்றதன் சிவப்பு முனையோடு சேர்த்து, சங்கிலிபோல் தொடராக மாட்டினால் 16 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபயருக்குச் சிரமம் இராது. ஒலியின் அளவு சற்றுக் குறையும். இரண்டும் ஒரே இனமாகவும் இருக்கவேண்டும். வெவ்வேறு இனமானால், சுரத்துக்குச் சுரம் மாறும் எதிர்ப்பு காரணமாக ஒன்றின் சுபாவம் மற்றொன்றைக் கெடுத்து, இரண்டுமே தம் குணத்தை இழக்கும். காருக்கென்று செய்த முட்டை வடிவ ஸ்பீக்கர்களை மரப்பெட்டியில் வைத்து வீட்டில் மாட்டுவது நம் பக்கங்களில் சகஜம்; அவை பெரும்பாலும் 4 ஓம். பழைய 8 ஓம் செட்டில் அவற்றை மாட்ட விரும்பினால் பக்கத்துக்கு இரண்டு வீதம் தொடராக இணைப்பதே தகும். அப்பொழுது 8 ஓம் கணக்கு ஒத்துவிடும்.

இனி வாட். இந்தச் சொல்லைப்போல் வியாபாரத்தில் துர்ப்பிரயோகம் செய்யப்பட்ட சொல் சிலவே. 1990-களில் உள்ளங்கையளவு ஸ்பீக்கர் பெட்டிகளின்மேல் ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு விற்றார்கள். ஒரு கணத்தில் ஒரு மின்னலைப்போல் வெளிப்படக்கூடும் என்று காகிதத்தில் கணக்கிட்ட உச்சத்தைச் சொல்லும் அந்த அளவுக்கு எந்தப் பொது நியதியும் கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய அளவுகள் பெருகியதைக் கண்டு, தொடர்ந்து தரக்கூடிய வாட்டையும், எத்தனை ஓமில், எந்தச் சுரங்களுக்கிடையில், எவ்வளவு பிசிறோடு என்பதையும் சொல்லியே விளம்பரம் செய்யவேண்டும் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1974-ல் விதி வகுத்தது. நாம் பார்க்கவேண்டியதும் ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிடும் அந்தத் தொடர் வாட்டைத்தான். அதுவும் நம்பத்தக்கதா என்ற சந்தேகம் எழுந்தால், கருவியின் பின்புறத்தில் அது கரண்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் வாட் எழுதியிருக்கும். 60 வாட் மின்சாரத்தை உண்ணும் கருவி 200 வாட் ஒலிச்சக்தியை இடையறாமல் வெளியிடுவது இயற்கைக்கே விரோதம். இப்பொழுது மலிவாகக் கிடைக்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் போர்டுகளிலும் இதே மயக்கம் உண்டு. பக்கத்துக்கு 50 வாட் என்று விற்கப்படும் போர்டு, 21 வோல்ட் கொடுத்து 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டும்போதுதான் அந்த 50-ஐத் தரும். அதே போர்டுக்கு வீட்டில் கிடந்த 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டி, 8 ஓம் ஸ்பீக்கரில் கேட்டால் பிசிறில்லாமல் கிடைப்பது பக்கத்துக்கு 9 வாட்டுக்கு மேற்படாது.

ஆனால் 9 வாட் என்பது அற்பமா? இந்த இடத்தில்தான் வாங்குவோர் அனேகமாகக் கவனிக்காத மூன்றாவது எண் ஒன்று வருகிறது. ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதே அந்த எண். சென்ஸிடிவிட்டி என்று குறிப்பேட்டில் அச்சிட்டிருப்பார்கள். சாதாரண வீட்டுப் பெட்டியில் அது 86-லிருந்து 90 வரை இருக்கும். இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் பேச்சு 60 டெசிபெல் அளவினது என்பதை நினைவில் வைத்தால், 1 வாட்டே எத்தனை பெரிய ஒலியைத் தருகிறது என்பது புலனாகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அமர்ந்து கேட்பவர் பெரும்பாலான நேரத்தில் செலவிடுவது 1 வாட்டுக்கும் குறைவே. டெசிபெல்லின் சூக்ஷ்மம் என்னவென்றால், 3 டெசிபெல் கூட்டவேண்டுமானால் வாட் இரு மடங்காக வேண்டும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபெல் கூடவேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 50 வாட் செட்டை 100 வாட் செட்டாக மாற்றிக்கொண்டவர் அடையும் லாபம், உற்றுக் கேட்டால் தெரியும் அளவுதான். மாறாக, 82 டெசிபெல் பெட்டியை நீக்கி 88 டெசிபெல் பெட்டியை வைத்தவர், ஒரு காசு மின்சாரம் கூடாமல் ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்கிக்கொண்ட பலனை அடைந்துவிடுகிறார். இதனால் சென்ஸிடிவிட்டி குறைந்தது தாழ்ந்தது என்று கொள்ளவேண்டாம், பி.பி.சி. ஸ்தாபனத்தார் 1970-களில் வகுத்த, குரலின் மென்மைக்குப் பேர்போன எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய பெட்டி 82, 83 டெசிபெல்தான். அத்தகைய பெட்டி வைத்திருப்பவர் அதற்கேற்ற வாட்டை அளிக்கவேண்டும் என்பதே விஷயம்.

அப்படியானால் 5 வாட்டே எல்லார்க்கும் போதாதோ என்றால், போதாது. காரணம் நம் சங்கீதத்தின் ஏற்றத்தாழ்வு. பாட்டின் சராசரி 1 வாட்டில் நடந்துகொண்டிருக்கும்போது, தவிலின் ஒரு விரல்வீச்சு அல்லது நாகசுரத்தின் ஒரு மேல்ஸ்தாயிப் பிடி, கண்ணிமைக்கும் நேரத்துக்கு 10, 15 டெசிபெல் மேலெழுந்து 10 முதல் 30 வாட் வரை கேட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் கொடுக்க ஆம்ப்ளிஃபயரிடம் சக்தி இல்லையென்றால், அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகி, ஓசை பிசிறடிக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் வால்யூமை மேலும் திருகினால், தலை உயர முடியாமையால் உடல் பருத்துக்கொண்டே போய், முழுவதும் வெட்டுண்ட அலை, ஆம்ப்ளிஃபயர் பிசிறில்லாமல் தரும் வாட்டைப்போல் இரு மடங்கைச் சுருளுக்குள் தள்ளுகிறது. மேல்சுரத்தைப் பாடும் சிறிய ட்வீட்டர் சில வாட்டுக்குமேல் தாங்காதது. முதலில் கருகுவது அதுதான். 100 வாட் தாங்கும் பெட்டியை 20 வாட் ஆம்ப்ளிஃபயர் எரித்துவிட்டதே என்று வியப்பவர்களுக்கு விடை இதுவே. தறிகள் எல்லாம் ஓடும் மாலை வேளையில் வோல்ட்டேஜ் இறங்கும் தெருக்களில் இந்த ஆபத்து இன்னும் அருகில் வருகிறது. 230 வோல்ட் 184 ஆக இறங்கினால், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செட்டின் வாட் நூற்றுக்கு 64 ஆகிவிடும்.

எனவே சாதாரண அறைக்கு, 8 ஓமும் 88 டெசிபெல்லும் உடைய ஒரு ஜோடிப் பெட்டியும், பக்கத்துக்கு 25 முதல் 40 வாட் வரை மெய்யாகத் தரும் ஆம்ப்ளிஃபயரும் நிறைவாகப் போதும். பெட்டி தாங்கும் வாட்டும் ஆம்ப்ளிஃபயர் தரும் வாட்டும் ஏறத்தாழச் சமமாக இருப்பது நலம். அடக்கமாகக் கேட்பவர்க்கு ஆம்ப்ளிஃபயர் ஒன்றரை மடங்கு கூடியிருந்தாலும் தீங்கில்லை. வால்யூம் குமிழ் பாதியில் நிற்கிறது, ஆகவே பாதி வாட்தான் போகிறது என்று நினைப்பது மட்டும் பெரும் பிழை. போனிலிருந்து வலுவான ஒலி உள்ளே வந்தால் குமிழ் பாதி வருவதற்குள்ளேயே முழு வாட்டும் தீர்ந்துபோகும். காதில் பிசிறு விழுந்த இடமே எல்லை.

தறிக்கூடத்தில் பாட்டு வைப்பவர்களின் நிலை வேறு. விசைத்தறிகளின் ஓசை 90 டெசிபெல்லை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அதற்கு மேலே பாட்டு எழும்ப வேண்டுமென்று ஒரு மூலையில் பெரிய பெட்டியை வைத்து முறுக்கினால், திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போது 6 டெசிபெல் குறையும் கணக்கின்படி, எதிர்மூலைக்குச் சேர்ப்பதற்கே நூறு வாட்டுக்கு மேல் வீணாகி, பெட்டிக்கு அருகில் நிற்பவரின் செவிக்குச் சேதமும் விளையும். நாள் முழுவதும் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையில் இருப்பதே காதுக்குக் கேடு என்பது வைத்தியர்களின் துணிபு. அங்கே பொருந்துவது ரேடியோ செட்டுக்காரரின் முறைதான். 100 வோல்ட் லைனில் சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றை, ஒவ்வொருவர் தலைக்கும் சமீபத்தில், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாட்டோடு மாட்டினால், மொத்த இரைச்சல் அதிகம் கூடாமலே பாட்டு காதில் விழும். வீட்டிலாயினும் கூடத்திலாயினும் அண்டை வீட்டாரையும் நினைக்கவேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று 2000-ல் மத்திய அரசு வகுத்த விதி இன்றும் நடப்பில் உள்ளது.

வயரைப் பற்றிச் சில சொல். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டி 10 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.35 ஓம். 8 ஓம் பெட்டிக்கு இதைப் பொறுக்கலாம். 4 ஓம் பெட்டிக்கு நூற்றில் ஒன்பது பங்கு ஆகிவிடுவதால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுவது உசிதம். மின்கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் நல்ல செம்பு வயரே இதற்குப் போதும். இதற்கென்று விலையுயர்ந்த வயர் தேடிப் போகவேண்டிய அவசியமில்லை.

சிவப்பும் கறுப்பும் இரு பெட்டியிலும் ஒரே முறையில் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போய், கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எவ்வளவு வாட் கொடுத்தாலும் பாட்டு சவலைப் பிள்ளையாகவே இருக்கும். பெட்டியின் கம்பிகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பாட்டரி ஒன்றின் இரு முனைகளையும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால், நேர்முனை சிவப்பில் பட்டபோது கூம்பு முன்னே துள்ளவேண்டும். பாட்டரி கையில் இல்லாவிட்டால், 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டை வைத்துப் பார்க்கலாம். அது நம் படப்பாட்டுகளுக்கு ஸ்டீரியோ வருவதற்கு முந்திய மோனோ பதிவு; இரு பெட்டிகளிலும் ஒரே ஒலிதான் வரும். இரு பெட்டிகளுக்கும் நேர் நடுவே அமர்ந்து கேட்டால், குரலும் நாகசுரமும் வலமும் இடமும் சாயாமல் நட்டநடுவிலிருந்து வரவேண்டும். அப்படி வராமல், எங்கிருந்து வருகிறதென்று தெரியாதபடி அறை முழுவதும் சிதறிக் கேட்டால், ஏதேனும் ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிச் செருகிவிட்டு மறுபடியும் கேட்டுப் பார்க்கவேண்டும்.